அடிப்பக்கம் பார்க்கிற அத்தை

என் மாமியார் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்த கோபம். என் மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அது அப்படியே இருந்தது என்றால், அதன் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை வைத்து உறை தைக்கிறவன். அத்தை ஒரு தையல் சாமான் கடையில் வேலை பார்த்தார். தடித்த நூல் வாங்க அந்தக் கடைக்குப் போவேன். மத்தியானத்தில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பெண்ணை ஒருநாள் பார்த்தேன். அதற்கப்புறம் நூல் தேவைப்படாத நாளிலும் நூல் வாங்கினேன். பட்டறையில் நூல்கண்டு மலை மாதிரிக் குவிந்ததே தவிர, வாயைத் திறக்கத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனேன். வெறுங்கையோடு போவானேன் என்று, நானே செய்த ஒரு சாய்வு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனேன்.

பச்சை வெல்வெட் உறை. ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த பைப்பிங், கோடு கிழித்த மாதிரி நேராக ஓடியது. கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அத்தை நாற்காலியை ஒரு சுற்று சுற்றி வந்தார். உட்காருவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. கைப்பிடியைப் பிடித்து அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

அடியில் பழைய சாக்குத் துணியை இழுத்து ஆணி அடித்து மூடியிருந்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் மூடுவார்கள். நாற்காலியின் அடிவயிற்றை எவன் குனிந்து பார்க்கிறான்? அத்தை குனிந்தார். ஓரம் முழுக்க விரலால் தடவினார். நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மேல பாத்தா மாப்பிள்ளை. கீழ பாத்தா சாக்கு மூட்டை."

கூடமே சிரித்தது. என் கூடப்பிறந்த அண்ணனே தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். பெண்ணைக் கொடுத்தார், அது வேறு விஷயம். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதில் வாடகை இல்லாமல் குடியேறிவிட்டது. அதற்குப் பிறகு நான் எதைச் செய்து கொடுத்தாலும் அத்தை முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். பேத்திக்குச் செய்த குட்டி நாற்காலியையும் விட்டுவைக்கவில்லை. என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதும் கிடையாது. "சோபாக்காரரே" என்றுதான் கூப்பிடுவார். நான் "சொல்லுங்க அத்தை" என்பேன். எங்கள் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

அவரைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கடையைச் சொல்ல வேண்டும். மாமா பஸ் கண்டக்டர். மகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அத்தை கடையில் சேர்ந்தார். முதலாளி மாறி, அவர் மகன் முதலாளியாகி, அவனுக்கும் தலை நரைத்தது. அத்தை மட்டும் அதே மேசைக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பட்டன் ஒன்று தைத்திருக்கும். யாராவது பட்டன் விழுந்த சட்டையோடு வந்தால், அத்தை சட்டையை வாங்கி முதலில் உள்பக்கம் திருப்புவார். மடித்துத் தைத்த இடத்தைப் பிரித்துப் பார்ப்பார். வெளியே தெரிவது வெயிலும் சோப்பும் தின்ற நிறம். மடிப்புக்குள்ளேதான் துணியின் சொந்த நிறம் ஒளிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நூலும் பட்டனும் எடுப்பார். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போய், வாழைப்பழத்தைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்.

வாய் மட்டும் ஓயவே ஓயாது. பேரம் பேசுகிற தையற்காரரிடம், "இந்த பட்டன் விலைக்கு உங்க சட்டை பத்தாதுண்ணே, வேற சட்டையோட வாங்க" என்பார். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார். அந்தக் கடைக்குப் பாதிப் பேர் பட்டனுக்காக வரவில்லை, அத்தையின் வாய்க்காக வந்தார்கள்.

அந்த வாயில்தான் வியாதி ஆரம்பித்தது.

அப்போதுதான் கீழ்வரிசையில் புதிதாகப் பல்செட் போட்டிருந்தார். ஈறில் புண் வந்தது. பல்செட்தான் உறுத்துகிறது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். பல் டாக்டரிடம் போனாரா? போகவில்லை. கடையில் மரப் பட்டன்களின் பிசிறைத் தேய்க்க ஒரு மெல்லிய அரம் இருக்கும். அதை எடுத்துப் பல்செட்டைத் தேய்த்தார். புண் ஆறவில்லை. இன்னும் தேய்த்தார். பல்செட் தேய்ந்து தேய்ந்து வாயில் நிற்காமல் ஆடியது. புண்ணோ உதடு, கன்னம், தொண்டை என்று பரவிக்கொண்டே போனது. மாதக்கணக்கில் இந்தக் கூத்து நடந்தது. என் மனைவி கேட்டால், "இன்னும் ஒரு தேய் தேய்ச்சா சரியாயிடும்" என்பார். பல்செட்டைக் கழற்றி டப்பாவில் போட்ட பிறகும் புண் ஆறவில்லை. அப்போதுதான் அரத்தைக் கீழே வைத்தார். அதற்குள் பேச்சு குறைந்து, கஞ்சித்தண்ணியை விழுங்கவே கண்ணில் நீர் வந்தது. கடைக்கு வருகிறவர்கள், "அம்மாவுக்கு என்ன, ரொம்பக் கர்வம் வந்துடுச்சு?" என்று கேட்டார்களாம்.

பிறகு முதுகில் கொப்புளம் வந்தது. மார்பில் வந்தது. தலையில் சீப்பு பட்ட இடமெல்லாம் ஈரமானது. கொப்புளம் என்றால் வெந்நீர் பட்டு வருகிற மாதிரி விறைப்பாக இல்லை. தொளதொளவென்று இருக்கும், ஆடை உரசினாலே உடைந்துவிடும். உடைந்த இடம் ஆறாது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் வாடகைக் காரிலிருந்து இறக்க நான் அவர் முன்கையைப் பிடித்தேன். பிடித்து லேசாகத் தாங்கினேன், அவ்வளவுதான். என் கைக்கு அடியில் அவர் தோல் நகர்ந்தது. பசை காயாத ரெக்சின் நகரும் பாருங்கள், அந்த மாதிரி. கையை எடுத்தபோது தோல் சுருண்டு என் விரலோடு வந்தது. அத்தை தன் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கிசுகிசுப்பாகச் சொன்னார்.

"பசை சரியில்ல, சோபாக்காரரே."

தோல் டாக்டர் ஒரு பெண். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். தோலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்துவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"இதுக்கு பெம்பிகஸ்னு பேரு. கிருமிய அடிக்க நம்ம உடம்புக்குள்ள ஒரு படை இருக்கு இல்லையா, அது இவங்களுக்கு ஆள் தெரியாம தோலையே அடிக்குது. தோல்ல இருக்கற செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கே, அந்தப் பசையத்தான் எதிரின்னு நெனச்சுக்குது. பசை விட்டா மேல்தோல் கழண்டுக்கும். நடுவுல தண்ணி கோத்துக்கும்."

வியாதியைப் பற்றி அன்று எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். ஆனால் நன்றாகப் புரிந்தது. பசை விட்ட துணி எப்படி உப்பும் என்று எனக்குத் தெரியாதா?

"தொத்துமா டாக்டர்?" என்றாள் என் மனைவி.

"தொத்தவே தொத்தாது. தாராளமா தொடுங்க. இழுக்காதீங்க, தேய்க்காதீங்க. அவ்வளவுதான்."

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அத்தைக்குச் சர்க்கரை வியாதி ஏற்கெனவே உண்டு. மாத்திரை ஏற ஏறச் சர்க்கரையும் ஏறியது. திறந்து கிடந்த புண்ணில் கிருமி புகுந்து காய்ச்சல் வந்தது. கொப்புளமோ புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பட்டறையில் இருந்த நல்ல ஃபோமாகப் பார்த்து எடுத்து, வழுக்குகிற சாட்டின் துணியில் உறை தைத்து, ஒரு மெத்தை செய்து வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உடம்பில் உரசாது, பூ மாதிரி இருக்கும் என்று எனக்குள் ஒரே பெருமை. வார்டு சிஸ்டர் மெத்தையை ஒரு அழுத்து அழுத்தினார்.

"அழகா இருக்குண்ணே. ஆனா இது சூட்டப் பிடிச்சுக்கும். புண்ணுல வடியற தண்ணியக் குடிச்சுக்கும். தொவைக்கவும் முடியாது. ரெண்டே நாள்ல கிருமிக்குத்தான் மெத்தை."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கட்டிலில் இருந்த அத்தை விரலை மெல்லச் சுழற்றிக் காட்டினார். திருப்பிக் காட்டச் சொல்கிறார்! அந்த நிலைமையிலும்! பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிக் காட்டினேன். பார்த்தார்.

"அடி நல்லாருக்கு," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்தத் தடவ மேல்தான் உதவல."

சிஸ்டர் சிரித்துவிட்டார். கட்டிலில் கிடந்தவரோடு சண்டை போட முடியுமா? மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நான் கிளம்பும்போது அத்தை தன் ஆஸ்பத்திரிச் சட்டையின் தோள் தையலைத் தொட்டுக் காட்டி, "இது குத்துது" என்றார். அன்றைக்கே பழைய மெல்லிய பருத்தித் துணியில் தொளதொள அங்கிகள் தைத்தேன். தையல் எல்லாம் வெளிப்பக்கம். உள்ளே மழமழவென்று இருக்கும். முன்னால் பட்டன் இல்லை, முடிச்சுப் போடுகிற நாடாதான். சிஸ்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் போட்டுவிட்டோம்.

"ஆயுசு பூரா பட்டன் வித்தவளுக்கு பட்டன் இல்லாத சட்டை," என்றார் அத்தை. ஆனால் மறுபடி மறுபடி அதையேதான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

காய்ச்சல் விடாமல் இருந்தபோது டாக்டர் எங்களை மறுபடி கூப்பிட்டார்.

"மாத்திரைய இதுக்கு மேல ஏத்த முடியல. பிளாஸ்மாவ மாத்தறதுன்னு ஒரு சிகிச்சை இருக்கு. ரத்தத்துல சிவப்பணு, வெள்ளையணு எல்லாம் மிதக்கற மஞ்சத் தண்ணிதான் பிளாஸ்மா. இவங்க தோல அடிக்கற பொருள் அந்தத் தண்ணிக்குள்ளதான் சுத்துது. கழுத்து நரம்புல குழாய் போட்டு ரத்தத்த மெஷினுக்குக் கொண்டுபோவோம். மெஷின் தண்ணிய மட்டும் பிரிச்சு வெளிய தள்ளும். அணுக்களோட வேற சுத்தமான திரவத்தச் சேத்து உடம்புக்கே திருப்பி விடும்."

"ஒரே தடவையில சரியாயிடுமா?" என்று கேட்டேன்.

"ஆகாது. ஒருநாள் விட்டு ஒருநாள், சில தடவ செய்யணும். கூடவே மருந்தும் கண்டிப்பா வேணும். இருக்கற விஷத்த மெஷின் வெளிய எடுக்கும், ஆனா புதுசா உண்டாகாம தடுக்கறது மருந்துதான். ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். பிரஷர் இறங்கலாம், குழாய் வழியா கிருமி போகலாம். ஆனா இப்படியே விட்டா..." டாக்டர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அத்தையிடம் சொன்னோம். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"அம்மா, ஏம்மா?" என் மனைவி அழ ஆரம்பித்தாள்.

"என்னை அலசிப் போட நான் என்ன துணியா?" குரல் காற்றாகத்தான் வந்தது. "போதும். விட்டுடுங்க."

டாக்டர் பேசினார். சிஸ்டர் பேசினார். பேத்தி போனில் கெஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை. கெஞ்சக் கெஞ்ச அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. கடைசியில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"சரி, விடு. ஊர் சாமானையெல்லாம் கவுத்துக் கவுத்துப் பாத்தவங்களுக்கு ஒரு மெஷினப் பாக்க பயம். வா போலாம்," என்றேன் மனைவியிடம்.

என் மனைவி என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தாள். ஆனால் அத்தை சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செய்யட்டும்," என்றார். "ஆனா கூட இவர் உக்காரட்டும். நீ வேணாம்."

"நான் உன் மகம்மா!"

"நீ அழுவ. உன்னப் பாத்து எனக்கும் அழுகை வரும். உப்புத் தண்ணி பட்டா கன்னம் எரியுது." ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "சோபாக்காரருக்கு என்மேல கோபம் இருக்கு. பரிதாபப்பட மாட்டார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படித்தான் நான் அந்த அறைக்குள் போய்ச் சேர்ந்தேன். சின்ன அறை. ஒரு கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் உயர மெஷின், நீலத் திரை போட்ட ஜன்னல், எலும்பு வரை குளிரும் ஏசி. கூட இருப்பவர் உட்கார ஒரு நாற்காலி. அந்த நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ரெக்சின் கிழிந்து, ஃபோம் பொடியாகி, ஸ்பிரிங் ஒன்று மேலே எட்டிப் பார்த்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடியும். மறந்துபோய் நடுவில் உட்கார்ந்தால் எழுந்துவிடுவோம்.

மெஷினை ஓட்டுகிறவர் ஒரு குண்டு மனிதர். எல்லாரும் அவரை மெஷின்காரர் என்றுதான் சொன்னார்கள். வேலை செய்யும்போது ஏதாவது மெட்டை முனகிக்கொண்டே இருப்பார். குழாய்களை மாட்டிவிட்டு அத்தையிடம் சொன்னார்.

"ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து சேக்கறேம்மா. அது உடம்புல கால்சியத்தப் பிடிச்சுக்கும். உதடு குறுகுறுன்னா, விரல் மரத்தா, உடனே சொல்லணும். நான் கால்சியம் குடுப்பேன். பயம் இல்ல. ஆனா சொல்லணும்."

வாய் முழுக்கப் புண்ணோடு இருப்பவர் எப்படிச் சொல்வார்? அத்தை என்னைப் பார்த்தார். "கோட்டு பட்டன்," என்றார். மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். முதலாளி தானே ஏணி வைத்து ஏறி, இருப்பதிலேயே பெரிய கோட்டு பட்டன் ஒன்றை எடுத்துத் தந்தார். சிஸ்டர் அதைக் கிருமி மருந்தில் கழுவி அத்தையின் கையில் வைத்தார். உள்ளங்கையில் மட்டும் புண் இல்லை. உதடு குறுகுறுத்தால் பட்டனை நழுவவிட வேண்டும். கீழே ஒரு எவர்சில்வர் தட்டு. 'டிங்' என்று கேட்டதும் நான் மெஷின்காரரைக் கூப்பிட வேண்டும். பட்டன் இல்லாத முதல் தடவை மட்டும் மெஷின்காரர் நிமிடத்துக்கு ஒருமுறை, "குறுகுறுக்குதாம்மா?" என்று கேட்டே ஓய்ந்துபோனார்.

மெஷினில் சக்கரங்கள் சுற்றும். ஒரு குழாயில் இருண்ட சிவப்பு போகும், இன்னொன்றில் வரும். கீழே தொங்கும் பையில் மஞ்சள் நீர் மெல்ல மெல்ல நிறையும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. அத்தை கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பையைக் காட்டினார்.

"என்ன மஞ்சள்?"

"மஞ்சள்னா மஞ்சள் அத்தை. வைக்கோல் மாதிரி இருக்கு."

"வெளுத்த வைக்கோலா, புது வைக்கோலா?"

"அத்தை, நான் பட்டன் கடையில வேலை பாக்கல."

"எங்கிட்ட இல்லாத மஞ்சள்," என்று முனகினார். பெண் பார்க்கப் போன வீட்டில் குறை கண்டுபிடித்த மாதிரி ஒரு திருப்தி.

உடம்புக்குள் திருப்பி விடுகிற திரவம் கண்ணாடிப் பாட்டில்களில் வந்தது. ஒருநாள் மெஷின்காரர் பாட்டில் மாற்றும்போது அத்தை கேட்டார், "இது யாரோடது?"

"பல பேர் குடுத்த ரத்தத்துலேர்ந்து பிரிச்சு எடுக்கறதும்மா. ஒரு பாட்டில்ல எத்தன பேர் கலந்திருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது."

"அப்ப யாருக்கு நன்றி சொல்றது?"

"எங்கிட்ட சொல்லுங்க. நான் வாங்கி வெச்சுக்கறேன்."

"உங்களுக்கு எதுக்கு? நீங்க சம்பளம் வாங்கறீங்க."

மெஷின்காரருக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கியது. நான் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ யாரோ ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டியிருக்கிறார். அவர் ஒரு லாரி டிரைவராக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம். என் அத்தையை அவருக்குத் தெரியாது, அத்தையின் வாயைப் பற்றியும் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

ஒரு தடவை பாதியில் 'டிங்' என்று சத்தம் கேட்டது. பதறி எழுந்து, "அண்ணே, பட்டன்!" என்று கத்தினேன். மெஷின்காரர் ஓடி வந்தார். அத்தையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. என் உயிர் என்னிடம் இல்லை. அவர் குனிந்து பார்த்தார், திரையில் ஓடும் எண்களைப் பார்த்தார், என் தோளில் கை வைத்தார்.

"தூங்கறாங்கண்ணே."

வியாதி வந்ததிலிருந்து அத்தை சேர்ந்தாற்போல் தூங்கியதே இல்லை. எந்தப் பக்கம் படுத்தாலும் தோல் உரியும். அன்றைக்கு மெஷின் ஓடி முடிகிறவரை தூங்கினார். நான் தட்டில் கிடந்த பட்டனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்பிரிங்குக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். கண்ணில் ஏசி காற்று பட்டு நீர் வந்தது. பரிதாபம் இல்லை. அதற்காக என்னை அங்கே உட்கார வைக்கவில்லை.

கடைசித் தடவைக்குள் புதிய கொப்புளம் வருவது நின்றிருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது. முதுகில் புண்கள் ஓரத்திலிருந்து வறண்டுகொண்டு வந்தன. வாய்ப் புண்ணும் கொஞ்சம் அடங்கி, அத்தைக்கு முழு வாக்கியம் பேச வந்துவிட்டது. அன்று நானே கேட்டுவிட்டேன். இவ்வளவு நாள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

"அத்தை, அன்னிக்கு அத்தன பேர் முன்னால என் நாற்காலியக் கவுத்தீங்களே, அது நியாயமா?"

அவர் யோசிக்கவே இல்லை. அந்தக் கேள்விக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

"இருக்கறது ஒரே மக. மேல்பக்கத்த மட்டும் பாத்துக் குடுத்துடுவாங்களா?"

"அடியில சாக்குதானே இருந்துது? அப்புறம் ஏன் குடுத்தீங்க?"

"சாக்கு இருந்துது. ஆனா ஆணி முனை எல்லாத்தையும் உள்பக்கமா மடக்கி அடிச்சிருந்தீங்க. சுத்தி வரத் தடவிப் பாத்தேன், ஒண்ணுகூடக் குத்தல. தவழற பிள்ளை அடியில புகுந்தாக்கூட கையக் கிழிக்காது." மூச்சு வாங்கினார். "அந்த வயசுல, கல்யாணமே ஆகாத பையன், யாரும் பாக்காத எடத்துல, இன்னும் பொறக்காத பிள்ளைக்காக ஆணிய மடக்கி இருக்கான். இது போதும்னு நெனச்சேன்."

மெஷின்காரர் முனகலை நிறுத்திவிட்டார்.

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்களுக்கு ஏத்தம் வந்துடும்," என்றார் அத்தை, கண்ணை மூடிக்கொண்டு.

அதற்குப் பிறகும் மருந்து பல மாதம் போனது. நரம்பில் ஏற்றுகிற இன்னொரு மருந்தும் கொடுத்தார்கள். நடுவில் ஒருமுறை வாயில் சின்னதாகப் புண் தலைகாட்டியது, மருந்தைக் கூட்டி அடக்கினார்கள். உரிந்த இடங்களில் கருமையான தழும்புகள் விழுந்து, நாளாக ஆக மங்கின. அத்தை கடைக்குத் திரும்பினார், அரை நாள் வேலைக்கு. நான் செய்து கொடுத்த முக்காலியில் உட்கார்ந்துதான் பட்டன் எடுத்தார். ஆமாம், கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பேரம் பேசுகிறவர்களுக்கு மறுபடி வாய்ப்பூட்டு விழுந்தது. பல்செட் புதிதாகச் செய்துகொண்டார். அரத்தை நான் எடுத்து வந்து பட்டறையில் ஒளித்துவிட்டேன்.

எனக்கு ஊசி என்றாலே ஆகாது. ஆனாலும் இப்போதெல்லாம் ரத்த வங்கிக்குப் போய்க் கையை நீட்டுகிறேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. நன்றி சொல்ல ஆள் தெரியாவிட்டால் வேறு என்னதான் செய்வது? டாக்டருக்கும் சிஸ்டருக்கும் மெஷின்காரருக்கும் நேரில் போய்ச் சொன்னேன். மெஷின்காரர், "சம்பளம் வாங்கறேண்ணே" என்றார்.

அத்தைக்குக் கிடைத்தவை நல்ல வருஷங்கள். பேத்தியின் கல்யாணத்துக்கு அவரே ரவிக்கைக்குக் கொக்கி தேர்ந்தெடுத்தார். போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். அவரைக் குளிப்பாட்டிவிட்டு வந்த என் மனைவி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "உடம்புல ஒரு கொப்புளம் இல்லங்க." நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அன்றைய பொழுதைக் கடத்தினோம்.

அத்தை இறந்துபோவதற்குச் சில நாள் முன்புதான் ஆஸ்பத்திரிக்கு வழக்கமான சோதனைக்குப் போயிருந்தோம். திரும்பும்போது அந்த அறைக் கதவு திறந்திருந்தது. அத்தை நின்றுவிட்டார். கட்டிலில் யாரோ ஒரு இளம்பெண். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் புருஷனாக இருக்க வேண்டும், அதே நாற்காலியில், நான் உட்கார்ந்த அதே மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அத்தை அவனையே பார்த்தார். கட்டிலைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை பட்டறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம். மரத்தூளைத் தட்டிவிட்டு ஒரு பலகையில் உட்கார்ந்தார்.

இப்போது அந்த நாற்காலி என் முன்னால் கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கிறது. சிஸ்டரிடம் கேட்டு, அதற்குப் பதிலாக வேறொன்றை அங்கே போட்டுவிட்டுத் தூக்கி வந்தேன். கிழிந்த ரெக்சினை உரித்தாகிவிட்டது. ஸ்பிரிங்கைப் பிடுங்கி எறிந்தாகிவிட்டது. துடைத்தால் துடைபடுகிற நல்ல ரெக்சின் எடுத்து வைத்திருக்கிறேன். அடிக்குச் சாக்கு இல்லை, கெட்டியான கருப்புத் துணி.

அன்று அத்தை பலகையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

"சோபாக்காரரே."

"சொல்லுங்க அத்தை."

"படுத்திருக்கறவங்கள நூறு பேர் பாக்கறாங்க. கூட உக்காந்திருக்கறவங்க குத்துதுன்னு வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க. நீங்களும் சொல்லல. அந்த நாற்காலிய எடுத்துட்டு வந்து தெச்சுக் குடுத்துடுங்க."

"சரி அத்தை."

எழுந்து வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"அடியையும் நல்லா முடிச்சிடுங்க. யாராவது திருப்பிப் பாப்பாங்க."